செவப்பிக்கு ஒரு லேசான கிளட்ச்

கியர்பாக்ஸைக் கழற்றி இறக்கிய பிறகும் அக்கா செவப்பியைவிட்டு இறங்கவில்லை. ஸ்டாண்டுகளின் மேல் அந்தரத்தில் நின்ற அந்தப் பழைய இரண்டு ஸீட் ஸ்போர்ட்ஸ் காரில், ஊன்றுகோலைப் பக்கத்து ஸீட்டில் சாய்த்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். ஷெட்டின் கூரைத் தகட்டு ஓட்டைகள் வழியே வெயில் காசு காசாக அவள் மடியில் விழுந்தது. எந்த மலையில் ஏறிக்கொண்டிருந்தாளோ, வளைவுக்கு வளைவு தலை மட்டும் மெல்லச் சாய்ந்து நிமிர்ந்தது.

தம்பி பெஞ்சில் கிளட்ச்சுக்கான இரண்டு பிரஷர் பிளேட்டுகளை வைத்துக்கொண்டு தவித்தான். ஒன்று வண்டியோடு வந்த வகை. சுற்றிலும் சுருள் ஸ்பிரிங். கிளட்ச்சை மிதித்தால் கல்லை மிதிக்கிற மாதிரி இருக்கும். மற்றது ஒரே தட்டு ஸ்பிரிங் வைத்தது, பாதி பலம் போதும். அக்காவின் இடது தொடை எலும்பு உடைந்து, கம்பி வைத்துச் சேர்த்து, ஒரு வருஷம் ஆகப்போகிறது. கால் இன்னும் காலாகவில்லை.

"அக்கா, லேசானதையே போட்டுடறேனே."

"ஏன், என் காலுக்கு என்ன கேடு?" கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "செவப்பிக்கு என்ன இருந்துச்சோ அதையே போடு. என்னால ஓட்ட முடியலன்னா அவள வித்துடு. ஷெட்ல பொம்மையா நிக்க வேணாம்."

அவளிடம் யார் வாயைக் கொடுப்பது? டிரைவிங் ஸ்கூலில் காலமெல்லாம் சொல்லிக்கொடுத்தவள். பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து, வாத்தியாருக்கென்று தனியாக இருக்கும் கிளட்ச்சையும் பிரேக்கையும் சமயத்தில் மிதித்து, பாதி ஊரை மரத்தில் மோதாமல் காப்பாற்றியவள். இவனையும் சேர்த்துத்தான்.

தம்பி சரியென்று தலையை ஆட்டினான். ஆட்டிவிட்டு லேசானதை மாட்டினான், திருட்டுப் பயல்! பழைய வகையைக் கோணியில் சுற்றி டயர்களுக்குப் பின்னால் தள்ளிவிட்டான். அக்கா மிதிப்பாள், பெடல் உள்ளே போகும், "பாத்தியாடா என் கால!" என்று துள்ளுவாள். அதையே நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டு ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கினான்.

வண்டி தரைக்கு வந்தது. இன்ஜின் உறுமியது. அக்கா மிதித்தாள். பெடல் பாதி தூரம் போனது, கால் வெடவெடவென்று ஆடியது, பெடல் அவள் காலையே தூக்கிக்கொண்டு திரும்பி வந்தது. கையால் முட்டியை அழுத்திப் பார்த்தாள். ம்ஹூம். இன்ஜினை அணைத்தாள்.

"நீ சொன்னதுதான்டா சரி." அவள் குரல் இவ்வளவு சின்னதாகி அவன் கேட்டதே இல்லை. "இதக் கழட்டிட்டு லேசானதப் போடு. அத மிதிச்சிடுவேன்."

தம்பி துடைத்த கையையே மறுபடி துடைத்தான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பொய் சொல்லும் மாணவர்கள் எத்தனை பேரைப் பார்த்தவள்!

"மாட்டினது எதுடா?"

"லேசானதுதான்கா."

திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவளோ ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள்.

"அப்ப வித்துடு," என்றாள்.

விற்பதா? நேரே டிரைவிங் ஸ்கூலுக்குப் போனான். அவளுடைய பழைய ஸ்கூல் கார் பின்கட்டில் தூசி படிந்து கிடந்தது. அதன் பக்கத்து ஸீட் கிளட்ச் பெடலை, அதை இணைக்கும் கம்பியோடு கேட்டு வாங்கிவந்தான். அவள் கால் பட்டுப் பட்டு அதன் ரப்பர் ஒரு ஓரமாகத் தேய்ந்திருந்தது. செவப்பியின் கிளட்ச்சோடு அதைச் சேர்ப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

ஒரு விடியற்காலையில் அக்காவைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துவந்து, ஸ்டியரிங் பக்கம் உட்காரவைத்தான். தான் பக்கத்து ஸீட்டில் ஏறினான். அவன் காலடியில் இருந்த பெடலை அவள் வெகுநேரம் பார்த்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது.

"நான் சொன்னாத்தான் மிதிக்கணும்."

"சரிக்கா."

ரோடே தெரியாத பனி. செவப்பி அதற்குள் நீந்திப் போனது. "இப்போ" என்பாள் அக்கா, அவன் மிதிப்பான், அவள் கை கியரை மாற்றும். இப்போ. இப்போ. வளைவுக்கு வளைவு அவள் தலை மெல்லச் சாய்ந்து நிமிர்ந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. எங்கே போகிறோம் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

"டேய்!"

தூக்கிவாரிப்போட்டது.

"பெடல் மேலயே கால வெச்சுக்கிட்டு என்னடா கனவு? புது பிளேட்டு, தேஞ்சு போயிடும். எத்தன தடவ சொல்றது உனக்கு? எடு கால!"

அவன் காலை எடுத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த 'இப்போ'வுக்குக் காத்திருந்தான்.