முகம் தெரியும் மேடை

மூன்றாம் பூச்சுச் சிவப்புப் பொலிஷும் காய்ந்த பிறகு, பாதியாகப் பிளந்த தேங்காய்மட்டையின் மேல் வலது காலை வைத்து, இடுப்பை ஆட்டி ஆட்டி மேடையின் கடைசி மூலையையும் நல்லம்மா தேய்த்து முடித்தாள். வாவிக்கரை மண்டபத்தின் மேடை சிவப்புச் சீமெந்துத் தரை. பதினொரு வருடமாக அவள்தான் தேய்க்கிறாள். ஆனால் இப்படியொரு பளபளப்பை அந்தத் தரை தன் ஆயுளில் கண்டதில்லை. மேலே எரிந்த குழல் விளக்கு கீழேயும் எரிந்தது. கூரையில் ஓடிய பல்லிக்குத் துணையாகத் தரையிலும் ஒரு பல்லி ஓடியது.

இதெல்லாம் மலைநகர் இசைக் கழகத்தின் தலைவர் அருளானந்தம் ஐயாவின் உத்தரவு. வாத்தியக்குழுவை நடத்த வெளிநாட்டு நடத்துநர் வருகிறார், செலோ வாசிக்க நோர்வேயிலிருந்து ஒரு பெண் வருகிறார், எல்லாவற்றுக்கும் மேலாகப் பிரதம விருந்தினர் வருகிறார். "தரையில என்ரை முகம் தெரிய வேணும் நல்லம்மா" என்று திங்கட்கிழமை சொல்லியிருந்தார். "தெரிஞ்சால் உனக்கு ரெண்டு டிக்கட்."

பதினொரு வருடக் கச்சேரிகளையும் அவள் பக்கக் கதவின் இடுக்கு வழியாகத்தான் கேட்டிருக்கிறாள், வாளிக்கும் துடைப்பத்துக்கும் நடுவில் நின்றபடி. வயலின்காரர்களில் அவள் கண்டது எல்லோருடைய இடது பாதியையும்தான். இருந்தாலும் சொந்தக்காரர் வீடுகளில் மண்டபத்தைப் பற்றி அவள் பேசினால், அதைக் கட்டியதே அவளோ என்று தோன்றும். போன ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தியில் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவள் புருசன் காளிமுத்துவின் தங்கச்சி ரத்தினம்மா இலையிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்: "ஏன் மதினி, அந்த மண்டபத்துல ஒருநாளாச்சும் கதிரையில ஒக்காந்து பாத்திருக்கியா?" பந்தியே சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் நல்லம்மாவின் காதுக்குள்தான் குடியிருக்கிறது. அதனால்தான் இரண்டாவது டிக்கட் ரத்தினம்மாவுக்கு என்று திங்கட்கிழமையே முடிவாகிவிட்டது. ஹேவாஹெட்டைத் தோட்டத்துக்குப் போன் போட்டு, "சனிக்கெழம வந்து சேரு, என் பக்கத்துல ஒக்காந்து பாரு" என்று சொல்லியும்விட்டாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தலைவர் வந்தார். மேடையில் குனிந்து பார்த்தார். வழுக்கையைக் குறுக்கே கடந்துகொண்டிருந்த ஆறேழு முடிகளைத் தரையைப் பார்த்தே சரிசெய்துகொண்டார். "நல்லா வந்திருக்கு" என்றார். சட்டைப் பையிலிருந்து டிக்கட்டை எடுத்தவர், என்ன நினைத்தாரோ, திரும்ப உள்ளே வைத்தார். "ஒத்திகை முடியட்டும், தாறன்."

ஒத்திகை இரண்டு மணிக்கு. சுவரொட்டியில் நடத்துநரின் பெயரைவிட 'உலகப் புகழ்பெற்ற' என்ற எழுத்துக்கள் பெரிதாக இருந்தன. அந்த உலகப் புகழ் ஒரு முச்சக்கர வண்டியில் வந்து இறங்கி, வாசலில் நின்றபடியே மீன் அடைத்த மாலுபாண் இரண்டு தின்று, கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு மேடை ஏறியது. முதல் அடியிலேயே இரண்டு முழம் வழுக்கிப் பெரிய மேளக்காரருக்கு முன்னால் போய் நின்றது. அதற்காகவே வந்தவர்போல அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார் மனிதர்.

நோர்வேப் பெண்ணின் பெயர் இங்கிரிட். செலோ என்ற அந்தப் பெரிய வயலின் அவளுடைய தோள் உயரம் இருந்தது. அதன் அடியில் ஒரு கூரான இரும்புக் கம்பி. அதைத் தரையில் ஊன்றி, முழங்கால்களுக்கு நடுவில் பிடித்துத்தான் வாசிக்க வேண்டும். அவள் ஊன்றினாள், வில்லை வைத்தாள், ஒரு இழுப்பு இழுத்தாள். செலோ சத்தமில்லாமல் சபையை நோக்கிப் புறப்பட்டது. எட்டிப் பிடித்து மறுபடி ஊன்றினாள். மறுபடியும் புறப்பட்டது. மூன்றாம் முறை அவளும் கூடவே போனாள், கதிரையோடு.

வாத்தியக்குழு சிரிப்பை அடக்கிக்கொண்டது. தலைவருக்கு வியர்த்தது.

"ஆர் உன்னை உப்பிடித் தேய்க்கச் சொன்னது?"

"நீங்கதானே ஐயா மொகம் தெரியணும்னு..."

"முகம் தெரியத்தான் சொன்னனான். ஆக்கள் சறுக்கி விழவோ சொன்னனான்?" சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "டிக்கட்டுமில்லை, ஒண்டுமில்லை. முதல்ல உதைத் தேய்ச்சு எடு."

மண்ணெண்ணெய்த் துணியோடு நல்லம்மா மேடையில் முழங்காலிட்டாள். பொலிஷ் தரையை விட்டுத் துணிக்கு வந்தது, துணியிலிருந்து கைக்கு வந்தது, தரையில் மட்டும் குறையவேயில்லை. நேரம் போகிறதே என்று நடத்துநர் ஒத்திகையைத் தொடர்ந்தார். இங்கிரிட் சப்பாத்தைக் கழற்றி, கம்பியைக் கால்விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடைசிப் பகுதியை மூன்று தடவை வாசித்தாள். மூன்று தடவையும் இரண்டு எட்டுத் தூரத்தில் நல்லம்மா இருந்தாள். இவ்வளவு கிட்ட அவள் எதையும் கேட்டதில்லை. ஓரிடத்தில் எல்லா வாத்தியங்களும் சேர்ந்து ஆர்ப்பாட்டமாக ஓங்கி அடித்து நிற்கும். அத்தோடு முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். முடியாது. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்துச் செலோ மட்டும் தனியாக, வீட்டுக்குத் திரும்பி நடப்பதுபோல மெதுவாக இறங்கும். நரம்பை விரலால் மூன்று முறை சுண்டும். பிறகு அடியாழத்தில் ஒரே ஒரு நீண்ட சத்தம், தேய்ந்து தேய்ந்து போகும். அதுதான் முடிவு. மூன்றாம் தடவை அந்தச் சத்தம் தேயும்போது துணியை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு அவள் சும்மா இருந்தாள். டிக்கட் போன கவலை அந்த நேரத்துக்கு மட்டும் ஞாபகம் வரவில்லை.

தலைவர் வாசலிலிருந்து கம்பளத்தைக் கொண்டுவரச் சொன்னார். கதிரைகளுக்கும் விளக்குகளுக்கும் பொறுப்பான திகன ஊர் மஹ்மூத் அதைத் தோளில் சுமந்து வந்து விரித்தார். இம்முறை செலோவும் இங்கிரிட்டும் கம்பளமும் சேர்ந்தே போனார்கள்.

"நல்ல சவாரியொண்டு ஈக்கிது ஐயா" என்றார் மஹ்மூத். "இதுக்கும் டிக்கட் போடலாம்."

அந்த நேரம் பார்த்துத்தான் ரத்தினம்மா வந்து சேர்ந்தாள். மேலே பட்டுச்சேலை, கையிலோ, தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றுகிற பழைய சாக்குப் படங்கில் கட்டிய லீக்ஸ் மூட்டை. மதினி எங்கே என்று தேடியவள், முழங்காலிட்டுத் தரை துடைப்பவளைக் கண்டாள்.

"இதுதான் ஒன் கதிரையா மதினி?"

நல்லம்மா துணியைக் கீழே வைத்தாள். கையால் முகத்தைத் துடைத்தாள். கன்னத்திலும் சிவப்பு ஏறியது. ரத்தினம்மா அந்தச் சிவப்பைப் பார்த்தாள். செலோ இன்னொரு தடவை புறப்படுவதைப் பார்த்தாள். பிறகு மூட்டையை அவிழ்த்து, லீக்ஸை மேளக்காரரின் கதிரையில் வைத்துவிட்டு, படங்கோடு மேடை ஏறினாள்.

"மழக்காலத்துல மலயில எப்புடி நிக்கிறோம்? சும்மா விரிச்சா இதுவும் வழுக்கும். கதிர காலோட சேத்துக் கட்டணும். அவுக பாரமே புடிச்சிக்கும். மதினி, அந்த மூட்டக் கயித்த எடு."

இருவரும் இங்கிரிட்டின் கதிரையைச் சாய்த்து, படங்கின் இரண்டு முனைகளையும் முன்கால்களில் இறுக்கிக் கட்டினார்கள். தலைவர் பதறி ஓடிவந்தார்.

"சாக்கோ? பிரதம விருந்தினருக்கு முன்னால சாக்கோ?"

இங்கிரிட் உட்கார்ந்து கம்பியைச் சாக்கில் குத்தினாள். வில்லை இழுத்தாள். செலோ அசையவில்லை. இன்னும் ஓங்கி இழுத்தாள். கொழுந்துச் சாறு பதினைந்து வருடம் ஊறிய படங்கு, மலையைப் பிடித்ததுபோலவே அதையும் பிடித்துக்கொண்டது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நடத்துநர் குச்சியால் இசை ஏட்டுப் பலகையைத் தட்டிப் பாராட்டினார். பிறகு இருவரும் தலைவரிடம் இங்கிலீசில் ஏதோ பேசினார்கள்.

"என்னாவாம் நானா?" என்று நல்லம்மா கேட்டாள்.

மஹ்மூத் குரலைத் தாழ்த்தினார். "இடையில முடிச்சு அவுந்தா கட்டுறதுக்கு நீங்க ரெண்டு பேரும் கிட்ட ஈக்கணுமாம். முன்வரிசைக்கிப் பின்னால. ஐயாக்கு மூஞ்சி போற போக்கப் பாருங்க."

டிக்கட்டுகள் சட்டைப் பையிலிருந்து ஒருவழியாக வெளியே வந்தன.

மாலை ஆறரைக்கு மண்டபம் நிறைந்தது. பிரதம விருந்தினர் வரவில்லை. அவருடைய வாழ்த்துச் செய்தி வந்தது. அவருக்காகப் போட்ட சோபாவில் அந்தக் கடிதத்தை வைத்துவிட்டுத் தலைவர் இருபத்தைந்து நிமிடம் பேசினார். முடிவில் விரலை உயர்த்தினார். "இது நாகரிகமான சங்கீதம். இடையில கை தட்டக் கூடாது. நான் தட்டினால் மட்டும் நீங்களும் தட்டுங்கோ."

பேசிக் களைத்தவர் சோபாவுக்குப் பக்கத்தில் அமர்ந்தார். கச்சேரி தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் தலை மார்பில் சாய்ந்தது. அவருக்கு நேர் பின்னால் நல்லம்மா, நீலச் சேலையில், முதுகு கதிரையில் படாமல் உட்கார்ந்திருந்தாள். சாய்ந்தால் பாதி தெரியாமல் போய்விடுமோ என்ற பயம் இன்னும் போகவில்லை. வயலின்காரர்களுக்கு வலது கையும் இருந்தது. எத்தனை வேகமான கைகள்.

"மதினி, மூச்சு விடு" என்றாள் ரத்தினம்மா.

கடைசிப் பகுதியில் எல்லாம் சேர்ந்து ஓங்கி அடித்து நின்றது. தலைவர் திடுக்கிட்டு விழித்து, படபடவென்று கை தட்டினார். சொன்ன சொல் தவறாத சபை மொத்தமும் தட்டியது. நடத்துநர் திரும்பாமலே ஒரு கையை உயர்த்தி, அது அடங்கும்வரை பொறுமையாக நின்றார். அடங்கியது. தலைவரின் பின்கழுத்து மேடையின் நிறத்துக்கு வந்தது.

செலோ தனியாக நடக்கத் தொடங்கியது. பிறகு விரல் மூன்று முறை சுண்டியது. சபையில் ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவருக்கு யாரைப் பார்ப்பதென்று தெரியவில்லை. இடது பக்கம் பார்த்தார். சோபாவில் கடிதம்தான் இருந்தது. மெல்லப் பின்னால் திரும்பினார்.

"நல்லம்மா," கிசுகிசுத்தார். "இப்பவோ?"

"இல்லங்க ஐயா. இன்னும் ஒன்னு இருக்கு."

அடியாழத்துச் சத்தம் எழுந்தது. சாக்கின் நாரில் ஊன்றிய கம்பி வழியாக இறங்கி, பொலிஷுக்குள் ஓடி, அது தன் கதிரைக் காலில் ஏறுவதுபோல நல்லம்மாவுக்கு இருந்தது. தேய்ந்தது. இன்னும் தேய்ந்தது. முன்வரிசை முழுவதும் இப்போது கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. மஹ்மூத் கதவோரத்தில் விளக்குச் சுவிட்சில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அவசரமில்லை. எவ்வளவு கழுவியும் சிவப்புப் போகாத இரண்டு உள்ளங்கைகளையும் மெதுவாக உயர்த்தி, ஒரு சாண் இடைவெளியில், எல்லோருக்கும் தெரியும்படி பிடித்துக்கொண்டாள்.