சந்தனம் வைத்த தகடுகள்

ஒரு வாளிச் சேறு நாற்பதாயிரம் ரூபாய் என்றாள், கழிவுநீர்த் தொட்டி அமைத்துத் தரும் ப்ரியா.

மல்லாபூரில் இட்லி மாவு அரைத்து விற்கும் துரைராஜ், விருதுநகர் கமிஷன் கடையில் வளர்ந்தவர். விலை கேட்டதும் முதலில் சிரித்துவிடுவது அவர் வழக்கம்.

"நக்கோம்மா," என்று அந்த ஊர்ப் பேச்சிலேயே மறுத்தார். "வெளியே சாக்கடையில சும்மாவே கிடக்கு."

"இது வளர்த்த சேறு சார். இதுல இருக்கிற பாக்டீரியா உங்க கழுநீரைத் தின்னுட்டுக் கரண்ட் கொடுக்கும்."

"சாப்பாடும் போட்டு, அவன்கிட்டயே வாடகையும் வாங்கலாமாக்கும்! முதல்ல சாப்பிடச் சொல்லுங்க. துட்டு அப்புறம்."

அவருக்கும் வேறு வழியில்லை. அரிசி கழுவிய நீர் புளித்து நாறுகிறது என்று தெருவே புகார் கொடுத்திருந்தது. தீபாவளிக்குள் நாற்றம் நிற்காவிட்டால் பூட்டு என்று அதிகாரி நோட்டீஸ் ஒட்டிப் போயிருந்தார்.

ப்ரியா தொட்டியில் கார்பன் தகடுகளை இறக்கிச் சேற்றை ஊற்றினாள். சில வாரத்தில் தகடுகளில் வழுவழுவென்று ஏதோ படர்ந்தது. தொட்டிமேல் ஒரு குட்டி விளக்கு எரிந்தது. அது எரியும்வரை உள்ளே சாப்பாடு நடக்கிறது என்று பொருள். நாற்றமும் அடங்கிற்று.

ஆயுத பூஜைக்குத் துரைராஜின் மனைவி செல்வக்கனி கிரைண்டர், தராசு, வேன் எல்லாவற்றையும் கழுவினாள். தொட்டியையும் காலி செய்தாள். தகடுகளைச் சுரண்டி, பிளீச்சிங் பவுடரில் அலசி, சந்தனம் குங்குமம் வைத்து மாட்டினாள். விளக்கு எரியவில்லை.

மறுநாள் ப்ரியா தலையில் கைவைத்தாள். "அந்த வழுவழுப்புதாங்க மெஷினே! மத்ததெல்லாம் வெறும் டப்பா. புதுசா வளர்க்கணும்னா தீபாவளி தாண்டிடும்."

"எனக்கு யாரு சொன்னா?" என்றாள் செல்வக்கனி. "சாமி கும்பிடுற சாமானைச் சளி ஒழுகவா விடுவாங்க?"

துரைராஜ் மனைவியிடம் கேட்டார்: "கனி, சுரண்டினதை எங்க கொட்டின?"

"கறிவேப்பிலைத் தொட்டியிலதான். உரத்தை யாராவது வீணாக்குவாங்களா?"

ப்ரியா ஓடினாள். ஈரம் காயாத அந்தக் கறுப்புக் குழம்பை வழித்து, பிளீச்சிங் போகக் கழுவிய தகடுகளில் பூசினார்கள். செல்வக்கனி மூக்கைப் பொத்திக்கொண்டே பூசினாள். தீபாவளிக்கு முந்தின வாரம் விளக்கு மினுக்கிற்று; பிறகு நின்று எரிந்தது. அதிகாரி வந்து முகர்ந்து பார்த்துவிட்டு நோட்டீஸைக் கிழித்தார்.

ப்ரியா பில்லை நீட்டினாள்.

"ரெண்டாவது சேறு எங்க கறிவேப்பிலைத் தொட்டியில எடுத்ததாச்சே," என்றார் துரைராஜ். "அதுக்கும் நாற்பதாயிரம். நேராயிடுச்சு."

"அதுவும் என் சேறுதான் சார்."

"தின்னு வளர்ந்தது என் கழுநீரு."

"கெடுத்தது?"

துரைராஜ் மனைவியைப் பார்த்தார். அவள் கறிவேப்பிலையைப் பார்த்தாள்.

"சரி, பாதி. மீதிக்கு வாராவாரம் ரெண்டு கிலோ மாவு."

"ஹவ்," என்று சம்மதமாய்த் தலையாட்டினாள் ப்ரியா.

இருபதாயிரம் அன்றே கைமாறியது. மாவு எத்தனை வாரத்துக்கு என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கணக்கு இன்னும் பாக்கியில் ஓடுகிறது.