ஏரி வண்டல்

நாலு வருஷத்துக்கு முன், ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முள்ளுக்குறிச்சி பாப்பாத்தியின் பருத்திச் செடிகள் அத்தனையும் மண்ணை உதறி எழுந்து ரோட்டில் நடந்தன. வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்ததால் முட்டிவலிக்காரர்களைப் போல மெதுவாகத்தான் நடந்தன. கொல்லிமலை பஸ் ஓரமாக நின்று வழிவிட்டது. பால் விலை ஏறிய வாரம் அது என்பதால் ஊருக்குப் பேச வேறு விஷயமும் இருந்தது.

செடிகள் எங்கே போகின்றன என்று பாப்பாத்திக்குத் தெரியும். அந்தச் சித்திரையில்தான் அவளுடைய அண்ணன் மாதேஸ்வரன் டிராக்டர் டிராக்டராக மண் கொண்டுவந்து அவள் காட்டில் கொட்டினான். "ஏரி வண்டல் அம்மிணி. அண்ணன் சீருன்னு வெச்சுக்க" என்றான். புருஷன் இல்லாத வீட்டுக்கு உடன்பிறந்தவன் செய்கிறானே என்று பூரித்துப்போய் டிராக்டருக்குப் பொட்டு வைத்தாள். பருத்தி முழங்கால் உயரம் வந்ததும் மஞ்சளித்தது, வெயில் ஏறினால் துவண்டது. யூரியா போட்டாள், பொட்டாஷ் போட்டாள், வேப்பம் புண்ணாக்கு போட்டாள். எல்லாம் விழலுக்கு இறைத்த நீர்தான். செடியைப் பிடுங்கிப் பார்த்த வேளாண்மை அலுவலர், கண்ணுக்குத் தெரியாத நூற்புழு வேருக்குள் குடியிருந்து முடிச்சுப் போடுகிறது, எந்த உரமும் பயிருக்குப் போய்ச் சேராது என்று சொல்லிக் குருணை மருந்து எழுதிக் கொடுத்தார். "இது தானா வராதுங்க. நோவு புடிச்ச வேறொரு காட்டு மண்ணோட வந்திருக்கோணும்" என்றார். மருந்தும் பாதிதான் கேட்டது. அவள் நேராக அண்ணனுடைய கத்தரிக்காட்டுக்குப் போனாள். ரெண்டு வருஷமாகக் காய்க்காத காடு அது. மேல்மண் சுரண்டி எடுக்கப்பட்டு, புதுக் கத்தரி தளதளவென்று நின்றது. நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான்.

செடிகள் மாதேஸ்வரன் வாசலில் போய் நின்றன. பின்னாலேயே பாப்பாத்தியும் வந்து நின்றாள். அவன் துண்டை உதறிக்கொண்டு வெளியே வந்தான். "ஏரி மண்ணுதான் அம்மிணி, சாமி சத்தியமா."

"இந்த வருசம் ஏரியில தண்ணியே வத்தலீங்கண்ணா. வண்டல் எங்கிருந்து வரும்? அன்னைக்கே எனக்குத் தெரியும். நீங்க சொன்னீங்கன்னு நம்புனேன்" என்றாள் பாப்பாத்தி.

அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனான். செடிகள் அங்கேயே வேர் பிடித்துக்கொண்டன. வெட்டினான், விடிந்தபோது மறுபடி நின்றன. கொஞ்ச நாளில் அவனும் அரிவாளைக் கூரை இறவாணத்தில் செருகிவிட்டான். இப்போது அந்த வீட்டுக்குப் போகிறவர்கள், தபால்காரர் உட்பட, செடிகளை விலக்கிக்கொண்டுதான் போகிறார்கள். பருத்தி வெடிக்கும் பருவத்தில் பாப்பாத்தி மடி கட்டிக்கொண்டு வருவாள். அண்ணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து படியில் வைப்பாள். பாப்பாத்தி பருத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு போவாள்.