தொடாத தட்டு

கத்தரிக்கோலை என் மருமகள் கையில் கொடுக்கும்போது மணி மூன்றரை இருக்கும். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, உள்ளே அதன் சுவடே இல்லை. கறுப்புத் திரை, கறுப்புச் சுவர், நடுவில் நுண்ணோக்கியின் நீல விளக்கு. இருபத்தாறு வருடமாகச் செடி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருக்கிறேன். இந்த இருட்டறைக்குள் வரும்போதெல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பது போலத்தான் எனக்கு இருக்கும். இன்று அவளும் கூட நடந்து வந்தாள்.

நேற்றுக் காலை ஒரு பையோடு வாசலில் நின்றாள். "ரெண்டு நாள் உங்ககூட இருந்துட்டுப் போறேன் அத்தை." அவ்வளவுதான். கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகாமல் மாமியார் வீட்டுக்கு வந்த முதல் பெண் நீதான் என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்ல". மதியம் மகன் போன் செய்தான். "அங்க வந்தாளாம்மா? சின்னச் சண்டைதான். நாளைக்குச் சாயந்திரம் வந்து கூட்டிட்டுப் போறேன்." எனக்கு அப்பாடா என்றிருந்தது. "வா ராஜா" என்றேன். அவளிடம் சொன்னபோது தலையாட்டிவிட்டு, ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துணியை எடுத்து மறுபடியும் மடித்தாள். புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் நான் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்று சமையலறைக்குள் போய்விட்டேன்.

சனிக்கிழமையென்றாலும் எனக்கு வேலை இருந்தது. வேலை என்ன வேலை, செய்த தப்புக்குப் பிராயச்சித்தம். நாங்கள் வளர்ப்பது கடுகுக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு பொடிச் செடி. ஜெல்லி மீனிடம் இரவல் வாங்கிய ஏதோ ஒன்றை அதற்குள் சேர்த்திருப்பதால், அடிபட்டால் நீல விளக்கின் கீழ் பச்சையாக ஒளிரும். ஒரு தட்டுச் செடிகளின் இலையை வெட்டிப் பார்ப்போம். இன்னொரு தட்டை யாரும் தொடக் கூடாது, அது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. அந்தத் தொடாத தட்டுதான் மூன்று வாரமாகக் காயம்பட்டது மாதிரியே குறுகிக் குள்ளமாக நின்றது. எங்கள் தலைவி தலையைப் பிய்த்துக்கொண்டார். மண்ணை மாற்றினார், தண்ணீரைச் சோதித்தார். கடைசியில் ஒருநாள் காலை நான் வழக்கம்போல அந்தத் தட்டின் மேல் உள்ளங்கையால் தடவிக்கொண்டே போவதைப் பார்த்துவிட்டார்.

"தினமும் இதைப் பண்றீங்களா?"

"சும்மா கொஞ்சுறதுதான் மேடம்."

"நீங்க கொஞ்சுறீங்கன்னு அதுக்குத் தெரியுமா? யாரோ மேல கை வைக்கிறாங்கன்னு மட்டும்தான் தெரியும்."

மூன்று வார உழைப்பு குப்பைக்குப் போயிற்று. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்துகொண்டிருந்தேன். வீட்டில் அவளைத் தனியாக விட மனம் வராமல் கூடவே அழைத்து வந்திருந்தேன். இருவரும் மஞ்சள் கண்ணாடி மாட்டிக்கொண்டோம். அந்தக் கண்ணாடி நீலத்தை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் காட்டும்.

"வெட்டினா வலிக்குமா அத்தை?"

இரண்டு நாளில் அவள் கேட்ட முதல் கேள்வி. சந்தோஷத்தில் எனக்கு வாய் ஓயவில்லை.

"வலிக்க நரம்பு ஏதும்மா அதுக்கு? ஆனா சேதி போயிடும். வெட்டின இடத்துல செல்லு உடைஞ்சு, உள்ள இருக்கிறது வெளிய கொட்டும். பக்கத்துச் செல்லு அதை வச்சுத்தான் என்னமோ ஆயிடுச்சுன்னு கண்டுபிடிக்கும். உடனே அது கதவைத் திறந்து கால்சியத்தை உள்ள விடும். அப்புறம் அதுக்கு அடுத்தது, அப்புறம் அதுக்கும் அடுத்தது. ரெண்டு நிமிஷத்துல கடைசி இலை வரைக்கும் தெரிஞ்சுடும். புழு வர்றதுக்குள்ள அது தன்னைக் கசப்பாக்கிக்கும்."

"அடிபட்டது எதுவுமே சொல்லாதா?"

"அதுக்கு வாய் எங்க இருக்கு? பக்கத்துல இருக்கிறதுதான் புரிஞ்சுக்கணும்" என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

அவள் குனிந்தாள். முழுக்கைச் சட்டையின் விளிம்பு செடியில் படப்போனது. "கையை மேல ஏத்திக்கோ, செடியில படக் கூடாது" என்றேன். முழங்கை வரை தள்ளிவிட்டுக் கையை விளக்கின் கீழே நீட்டினாள். காலையில் இதே கை என் பக்கத்தில் நின்று பாத்திரம் கழுவியது. அப்போது அதில் ஒன்றும் தெரியவில்லை. இப்போது மணிக்கட்டுக்குச் சற்று மேலே நான்கு கறுப்புப் பட்டைகள், மறுபக்கம் தடிமனாக இன்னொன்று. தோலுக்கடியில் கன்றிப்போன ரத்தத்தை இந்த வெளிச்சம் காட்டிக்கொடுக்கும் என்று யாரோ எப்போதோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான்கு விரல், ஒரு கட்டைவிரல். முழங்கையை ஒட்டி, மங்கலாக, பழையதாக இன்னொரு பிடி.

அவள் வெட்டினாள்.

"அத்தை, ஓடுது பாருங்க!"

நுண்ணோக்கியோடு இணைத்த கணினித் திரையில் வெட்டிய இடத்திலிருந்து வெளிச்சம் கிளம்பி, நடு நரம்பு வழியாக இறங்கி, தண்டைச் சுற்றி அடுத்த இலைக்குள் மெல்லப் பரவியது. அவள் வாயைத் திறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தடத்தைப் பதித்த விரல்களைப் பிடித்துத்தான் என் மகனுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தேன். காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க அவை என் சேலையை விடாது. வேறு யாராவது பிடித்ததாக இருக்கக் கூடாதா என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு எனக்கே வெட்கமாக இருந்தது. "வா ராஜா" என்று நேற்றுச் சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

என் கை தானாக அவள் தோளுக்குப் போயிற்று. பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

பையில் போன் அதிர்ந்தது. இருட்டறையில் போன் எடுக்கக் கூடாது. எடுத்தேன்.

"பஸ் ஏறிட்டேம்மா. ஆறு மணிக்கு வந்துடுவேன். அவளைக் கிளம்பி இருக்கச் சொல்லு."

"இறங்கிடு."

"என்னம்மா?"

"அடுத்த ஸ்டாப்புல இறங்கித் திரும்பிப் போ. அவ வரமாட்டா. நீயும் என் வீட்டுப் பக்கம் வராத." "அவ கையைப் பார்த்துட்டேன்டா."

பஸ் இரைச்சலுக்கு நடுவே "அம்மா" என்றான், சின்னப் பையனாக எதையாவது உடைத்துவிட்டு வந்து நிற்கும் குரலில். போனை அணைத்தேன்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. மெதுவாகக் குனிந்து, அந்த மஞ்சள் கண்ணாடி வழியாகத் தன் கையைப் பார்த்தாள். அவளும் அதை இப்படிப் பார்ப்பது அதுதான் முதல் தடவையாக இருக்கும். திரையில் கடைசி இலையின் நுனி வரை பச்சை ஏறியிருந்தது, இருவருமே கவனிக்கவில்லை. அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். மறு கையின் பித்தானைக் கழற்றினாள். சட்டையைத் தோள் வரை சுருட்டி, அந்தக் கையையும் நீல வெளிச்சத்துக்குள் நீட்டினாள்.