மூன்றாம் கேமராவின் பத்து நாள்

சங்கரன்கோவிலில் கேமரா என்றால் சிஹாபுதீன்தான். ரத வீதியில் பாதிக் கடைகளில் அவர் மாட்டியதுதான். கேமரா, ரெக்கார்டர், செல்போன் ஆப் மூன்றும் ஒரே கம்பெனி. வேறு கம்பெனி கேமராவைச் செருகினால் அந்த ரெக்கார்டர் ஏறெடுத்தும் பார்க்காது. எந்தக் கேமராவையும் சேர்த்துக்கொள்கிற ரெக்கார்டரும் விற்கிறது. அதைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. கடைக்காரர்கள் செல்போனில் அந்த நேரத்துப் படத்தைப் பார்க்கலாம், அவ்வளவுதான். பழைய பதிவை எடுக்கப் பாஸ்வேர்டு வேண்டும். அது இவரிடம் மட்டும். கேட்டால், "எல்லாம் பாதுகாப்புக்குத்தான் அண்ணாச்சி" என்பார்.

ஜவுளிக்கடை செல்வக்குமார் மட்டும் வேறு கம்பெனி கேமரா ஒன்றை வாங்கி, தென்காசி ஆளைக் கூட்டிவந்து மாட்டிப் பார்த்தார். சேரவில்லை. விஷயம் காதுக்கு வந்ததும் சிஹாபுதீனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. என்னை விட்டுவிட்டு இன்னொருத்தனா?

அந்த வாரமே அந்தக் கடையில், சேலை எடுக்க வந்த அம்மாள் மேசைமேல் வைத்த பையைக் காணோம். உள்ளே குழந்தை வளையல் இரண்டு. பக்கத்தில் நின்றவள் சேலை எடுத்துப்போடுகிற ராஜேஸ்வரி. பழி அவள்மேல் விழுந்தது. மேசைக்கு நேர் மேலே சிஹாபுதீன் மாட்டிய மூன்றாம் கேமரா, பார்த்தால் தெரிந்துவிடும். தென்காசி ஆளால் பதிவைத் திறக்க முடியவில்லை. செல்வக்குமார் சிஹாபுதீனுக்குப் போன் போட்டார்.

"நாளைக்கு வாரேன் அண்ணாச்சி."

நாளை, நாளை என்றே நாள் போயிற்று. கடையநல்லூரில் வேலை, குருவிகுளத்தில் வேலை என்றார். ஒரு வேலையும் இல்லை. கொஞ்சம் அலையட்டும் என்றுதான் இருந்தார். நான்காம் நாள் ராஜேஸ்வரியே அவர் கடை வாசலில் வந்து நின்றாள்.

"ஓனர் வந்து கேக்கட்டும்மா" என்று, தலையைக்கூடத் தூக்காமல் சொல்லி அனுப்பிவிட்டார்.

பன்னிரண்டாம் நாள்தான் போனார். வேலையிலிருந்து நிறுத்தியிருந்த ராஜேஸ்வரியையும் வரச் சொல்லியிருந்தார்கள். பாஸ்வேர்டைத் தட்டித் தேதியைத் தேடினார். ரெக்கார்டரில் பத்து நாள் பதிவுதான் நிற்கும். அந்த நாள் அழிந்து, அதன்மேல் புதியது ஏறியிருந்தது. மறுபடியும் தேதியைத் தட்டிப் பார்த்தார்.

"என்ன பாய்?" என்றார் செல்வக்குமார்.

"கம்பெனி லாக் அண்ணாச்சி. நம்ம கையில ஒண்ணும் இல்ல." கூசாமல் வாய் சொல்லிவிட்டது.

ராஜேஸ்வரி மெதுவாகக் கேட்டாள். "பத்து நாள்தான் இருக்கும்னு மாட்டும்போது நீங்கதான அண்ணாச்சி சொன்னிய? நான்தான் ஏணியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அதான் நாலாம் நாளே ஓடியாந்தேன்."

அவமானத்தில் சிஹாபுதீனுக்குக் காது மடல் எரிந்தது. அதற்குமேல் எந்தப் பொய்யும் வரவில்லை.

"லாக் கம்பெனியோடது இல்ல. நான் போட்டது. கோவத்துல வேணும்னேதான் வராம இருந்தேன். அந்த நாள் பதிவு அழிஞ்சு போச்சு" என்றார். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்தார்.

செல்வக்குமார் எடுத்துப் படித்தார். "ஷிபாவா? உம்ம மக பேருல்லா?"

"எல்லாக் கடைக்கும் இதான்."

ராஜேஸ்வரி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கோபப்பட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

"உங்க மகள யாரும் களவாணின்னு சொல்லிராம இருக்கணும் அண்ணாச்சி."

தன் கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அன்றைக்கு அவளுக்காகத் தூக்காத தலையை, இன்றைக்கு அவரால் தூக்க முடியவில்லை.