ஊசி கேட்ட உடம்பு

ஷாம்பு பெட்டிகள் அடுக்கியிருந்த தட்டுக்கு நேராக வண்டியைக் கொண்டுபோனபோது அவள் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னாள். இமை ஒரு தரம் மூடித் திறந்தது, அவ்வளவுதான். திறந்து பார்த்தால் பாரம் தூக்கும் அந்த ஃபோர்க்லிஃப்ட்டின் இடது இரும்புக் கரம் பெட்டிகளைத் தாங்கிய பலகைக்கு அடியில் போகாமல் ஓர் அட்டைப்பெட்டியின் வயிற்றுக்குள் போயிருந்தது. பச்சை ஷாம்பு கெட்டியாக, அவசரமே இல்லாமல், தட்டு தட்டாக இறங்கிக் கிடங்கின் தரைக்கு வந்தது.

ஓடிவந்த சூப்பர்வைசர் அதில் வழுக்கி, தூணைக் கட்டிப்பிடித்து நின்றார்.

"என்னம்மா, தூங்கிட்டியா?"

"இல்ல சார். அரிப்புக்குக் குடுத்த மாத்திரை. நாலு மடங்கா ஏத்திட்டாங்க. கண்ணு தானா சொருகுது."

"ஒண்ணு மாத்திரையை நிறுத்து, இல்ல வண்டியை நிறுத்து. யார் தலையிலயாவது ஏறியிருந்தா?"

அவர் சாவிக்காகக் கையை நீட்டினார். சொன்னதில் தப்பில்லை என்பதால் அவள் சாவியைக் கழற்றிக் கொடுத்தாள். அன்று மதியமே பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். டிரைவர் வேலைக்கான படிப்பணம் நின்றது.

அரிப்பு தொடங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. முதலில் வண்டியின் பெல்ட் அழுந்தும் இடத்தில் கொசு கடித்தமாதிரி இருந்தது. பிறகு தொடை, உள்ளங்கால், கழுத்து என்று ஊர்ந்தது. சிவந்து தடித்து, ஒன்றோடொன்று கைகோத்துப் பரவி, சில மணி நேரத்தில் இருந்த சுவடே தெரியாமல் மறைந்து இன்னோர் இடத்தில் கிளம்பும். சில நாள் மேலுதடு வீங்கி, பேச்சே மழலையாகிவிடும்.

வீட்டில் ஆளாளுக்குத் துப்பறிந்தார்கள். பெயிண்டரான அவள் கணவன், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த சட்டையை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தான். முட்டை நின்றது. மீன் நின்றது. சோப்பு மாறியது. அவர்களோடு வசித்த நாத்தனார் தையல் கடையில் பட்டனுக்குக் காஜா எடுப்பவள். எதிலும் ஓட்டை கண்டுபிடிக்கும் கண் அவளுக்கு. அவள் வீட்டுப் பூனையைச் சந்தேகித்தாள். பூனை பக்கத்து வீட்டில் விருந்தாளியாக இருந்து, நன்றாகக் கொழுத்துத் திரும்பியது. தடிப்பு மட்டும் அசையவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் தோல் டாக்டரம்மா இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டார்.

"பாவம், பூனையை விட்டுடுங்க. வெளியில காரணமே இல்ல. தோலுக்கு அடியில காவலுக்கு நிக்கிற செல்லுங்க இருக்கு. எதிரி வந்தாத்தான் அதுங்க பையைத் திறந்து கொட்டணும். உங்களுக்கு யாரும் வராமலே கொட்டுது."

"எதுக்கு டாக்டர்? என் உடம்புக்கு என்மேல என்ன கோபம்?"

"அது இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாதும்மா."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்துப்போனது. இத்தனை நாளும் பார்த்தவர் எல்லோரும் ஒரு காரணம் சொன்னார்கள். தெரியாது என்று சொன்ன முதல் ஆள் இவர்தான்.

"அப்ப மாத்திரை என்ன பண்ணுது?"

"கொட்டினது தோலைத் தொடாம தடுக்கப் பாக்குது. உங்களுக்கு அது பத்தல. ஊசி ஒண்ணு இருக்கு. அந்தச் செல்லுங்களை உசுப்பிவிடுற பொருளை ரத்தத்துலயே போய்ப் பிடிச்சுக்கும். இதுல கண்ணு சொருகாது. மாசாமாசம் போட்டுக்கணும். நோயை அடக்கித்தான் வைக்கும், வேரோட பிடுங்காது. ஒருநாள் அதுவாப் போகும். எப்பன்னு சொல்ல முடியாது."

விலையைக் கேட்டதும் கூட வந்திருந்த நாத்தனார் எழுந்து, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள். கம்பெனி இன்சூரன்ஸ் ஆறு மாதத்துக்கு ஒத்துக்கொண்டதால்தான் காரியம் நடந்தது.

நர்ஸ் ஃபிரிட்ஜிலிருந்து ஊசியை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தாள்.

"ஏன் சிஸ்டர் போடல?"

"குளிர்ச்சி போகட்டும்."

"கையில வெச்சுத் தேய்ச்சா சீக்கிரம் போகுமே?"

"கூடாது. அதுவாத்தான் ஆறணும். இது உயிருள்ள செல்லுங்களை வளர்த்து, அதுங்ககிட்டயிருந்து எடுத்த மருந்து."

"அப்ப இதுக்கு உயிர் இருக்கா?" நாத்தனார் குனிந்து பார்த்தாள்.

"இல்லக்கா. பாலுக்கு உயிர் இருக்கா? அந்தமாதிரி."

இரண்டு பேரும் தண்ணீர்மாதிரி இருந்த அந்த மருந்தைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட்ட பிறகும் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க அங்கேயே உட்காரவைத்தார்கள்.

"மூச்சு வருதா அண்ணி?"

"நீ கேக்குறதை நிறுத்தினா வரும்."

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் பல் துலக்கும்போது எதையோ மறந்துவிட்டமாதிரி இருந்தது. அடுப்பை அணைத்தோமா என்றுகூடப் பார்த்துவந்தாள். பிறகுதான் உறைத்தது, அவள் சொறியவில்லை. சட்டையைத் தூக்கி இடுப்பைப் பார்த்தாள். தோல் வெறும் தோலாக இருந்தது.

மாத்திரை நிறுத்தியாயிற்று என்று டாக்டர் கையெழுத்துப் போட்டதும் சூப்பர்வைசர் சாவியைக் கொடுத்தார். உயரத்துத் தட்டிலிருந்து பாரத்தை இறக்கும்போது அவள் வாய்க்குள் பாட்டு முனகுவது கீழே நின்றவர்களுக்குக் கேட்டது.

ஆறு மாதம் முடிந்ததும் இன்சூரன்ஸ் ஆபீஸுக்கு அவளைக் கூப்பிட்டார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள்.

"டாக்டர் ரிப்போர்ட்ல தடிப்பு அறவே இல்லன்னு இருக்கே. நல்ல செய்திதானேம்மா?"

"ஊசி போடுறதாலதாங்க இல்ல."

"நோய் இருந்தாத்தான் ஊசிக்கு அனுமதி. இப்ப நோய் இல்லையே."

அவளுக்குக் கோபம் வருவதற்கு முன் ஆச்சரியம் வந்தது. "பிரேக் போட்டு வண்டி நின்னுடுச்சுன்னா, பிரேக்கைக் கழட்டிடுவீங்களா?" என்று நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள்.

அந்தப் பெண் கம்ப்யூட்டர் திரையில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். "எனக்குப் புரியுதும்மா. விதி அப்படி. ஊசியை நிறுத்திப் பாருங்க. திரும்ப வந்தா ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க, மறுபடி பரிசீலிப்பாங்க. முகம் தெரியணும். வெறும் கையை அனுப்பினா யாரோட கைன்னு கேப்பாங்க."

ஊசி நின்றது. தோல் சுத்தமாகவே இருந்தது. ஒருவேளை நோயே விட்டுப்போய்விட்டதோ என்று அவள் ஆசைப்பட்டாள். வண்டியில் ஏறி பெல்ட்டை மாட்டும்போது மட்டும் கை தயங்கும். காலையில் கணவன் காப்பியைக் கொடுத்துவிட்டு அவள் கழுத்தைப் பார்ப்பான். "இன்னும் இல்லையா?" என்பாள் நாத்தனார், கடைக்குக் கிளம்பும் அவசரத்தில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது அவளால் வாயை முழுசாகத் திறக்க முடியவில்லை. மேலுதடு மூக்கைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஒரு கண் இடுங்கியிருந்தது. கழுத்திலிருந்து தோள்வரை செக்கச்செவேலென்று தடித்திருந்தது.

"அண்ணே, ஓடி வா! அண்ணிக்கு வந்துடுச்சு!" நாத்தனார் குரலில் குழந்தை பிறந்த வீட்டுச் சந்தோஷம் இருந்தது. "மறையறதுக்குள்ள எடுக்கணும்!"

கணவன் ஜன்னல் திரையை விலக்கிவிட்டான். அவளை நாற்காலியில் உட்காரவைத்து, வெளிச்சம் விழும்படி தாடையைத் தொட்டுத் திருப்பினான். அரிப்பு தாங்காமல் எழுந்த அவள் கையைப் பிடித்து மடியில் வைத்தான். "கொஞ்சம் பொறுத்துக்கோ. கீறல் விழுந்தா, நீயே சொறிஞ்சு பண்ணிட்டன்னு சொல்லிடுவாங்க."

இரண்டு பேரின் பரபரப்பையும் பார்த்ததில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீங்கிய உதட்டின் ஒரு ஓரம் மட்டும் இழுபட்டு மேலே போனது.

"சிரிக்காதீங்க அண்ணி," என்றாள் நாத்தனார், ஃபோனை இன்னும் கிட்டே கொண்டுவந்து. "சிரிச்சா நல்லாயிருக்கிறமாதிரி தெரியுது."