ஓடாபான் மோட்டர்ஸ்

கௌசிகனுக்கும் தாரகாவுக்கும் கல்யாணமாகிப் பதினொரு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. லண்டன் வெஸ்ட் ஈலிங் கோயில் ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, "ரோகிணி, முதலாம் பாதம். 'ஓ'வில பேர் வையுங்கோ" என்று சொல்லிவிட்டார். ஓவில் பெண்பிள்ளைக்கு என்ன பெயர் இருக்கிறது? ஓவியா. தாரகாவின் சொந்தத்திலேயே அப்போது மூன்று ஓவியாக்கள் தவழ்ந்துகொண்டிருந்தன.

"என்ர பேருக்கு நட்சத்திரம் எண்டு அர்த்தம். பிள்ளையும் நட்சத்திரமா இருக்கவேணும். ஆனா லண்டனில வேற ஒருத்தருக்கும் அந்தப் பேர் இருக்கக்கூடாது" என்றாள் தாரகா. மூன்று நாள் போனும் கையுமாக இருந்து, ஏதோ ஒரு பெயர்ப் பட்டியலில் அதைக் கண்டுபிடித்தாள். ஓடாபான். வட அமெரிக்காவின் பெரிய ஏரிகளைச் சுற்றி வாழும் ஒஜிப்வே மக்களின் பெயராம். விடிவெள்ளி என்று அர்த்தமாம்.

"ஆம்பிளைப் பேர் மாதிரிக் கிடக்கு" என்றான் கௌசிகன். "ஓடாது எண்டு வேற கேக்குது."

"உங்களுக்கு எதைக் கேட்டாலும் கார்தான்."

கௌசிகனுக்குத் தென் லண்டன் சட்டனில் கார் திருத்தும் கராஜ். பிள்ளை பிறந்த ராசி நல்ல ராசி என்று கராஜுக்கும் அதே பெயரில் புது போர்ட் அடித்து மாட்டினான்: ஓடாபான் மோட்டர்ஸ். மேலே ஆங்கிலம், கீழே தமிழ். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள், "அண்ணை, ஓடாத கார் மட்டும்தான் எடுப்பியளோ?" என்று கேட்டார்கள். அது விடிவெள்ளி என்று அவன் ஒவ்வொருவருக்கும் விளங்கப்படுத்தினான்.

பதினொரு மாதம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரு பெண் போர்டுக்குக் கீழே நின்று படமெடுத்தாள். போர்டுக்கு அனுமதி எங்கே என்று கேட்கக் கவுன்சிலில் இருந்து வந்துவிட்டார்கள் என்று கௌசிகன் நினைத்தான். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"இங்கே யார் ஒஜிப்வே பேசுவது?" என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள். கண் கலங்கியிருந்தது.

பெயர் டெனிஸ். ஊர் கனடாவில் ஒரு ஏரிக்கரை. பக்கத்துத் தெருப் பல் டாக்டரிடம் வேலை. "மூன்று வருடமாக இந்த நகரத்தில் என் மொழியில் ஒரு சொல்லைக்கூடக் கண்டதில்லை. பஸ்ஸில் போகும்போது பார்த்துவிட்டு இறங்கி ஓடி வருகிறேன். சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். கார்."

"கார் உள்ளே நிற்கிறது. உங்களுடையது எது?"

"அதில்லை. ஓடாபான் என்றால் கார். அந்தக் காலத்தில் பனியில் இழுத்துப்போன வண்டி, இப்போது கார். உங்கள் கடையின் பெயர் கார் மோட்டர்ஸ்."

கௌசிகன் போர்டை நிமிர்ந்து பார்த்தான். "விடிவெள்ளி இல்லையா?"

"விடிவெள்ளிக்கு வேறு சொல் இருக்கிறது. வாபன்-அனங்."

"ஓடாபான் என் மகளின் பெயர்" என்றான் அவன்.

டெனிஸ் சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க அவள் பட்ட பாட்டைப் பார்க்க அவனுக்கே பாவமாக இருந்தது.

தாரகாவுக்குப் போன் போட்டான். "பிள்ளையத் தூக்கிக்கொண்டு கெதியா வாரும்." யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று அவள் செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்தது. பிறகு டெனிஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்படியென்றால் சரியான பெயர் ஒன்றை நீங்களே வையுங்கள்" என்றாள்.

"எங்கள் பக்கத்தில் அப்படி எடுத்து வைக்க ஏலாது" என்ற மாதிரி டெனிஸ் தலையை ஆட்டினாள். பெயரைப் பட்டியலில் பார்த்து எடுப்பதில்லையாம். அதற்கென்று ஒருவர் இருப்பாராம். பெற்றோர் புகையிலை கொடுத்துக் கேட்பார்களாம். அவர் காத்திருப்பார், கனவில் வரும், சில வேளை மாதக்கணக்காகும். வைத்தவரும் பிள்ளையும் ஒருவரையொருவர் ஒரே உறவுமுறை சொல்லித்தான் கூப்பிடுவார்களாம், ஆயுள் முழுக்க. டெனிஸுக்கும் அப்படி ஒரு பெயர் இருந்தது. "அது கராஜில் சொல்கிற பெயர் இல்லை" என்றாள்.

புகையிலை என்ற சொல் காதில் விழுந்ததுமே கௌசிகன் பக்கத்துக் கடைக்கு ஓடிவிட்டான். ஒரு பக்கெட் சிகரெட்டோடு வந்து இரண்டு கையாலும் நீட்டினான்.

அப்போதுதான் டெனிஸ் சிரித்தாள். "நான் பெயர் வைக்கிறவள் இல்லை. பல்லுச் சுத்தம் செய்கிறவள். உங்கள் ஆட்களிடமே கேளுங்கள்."

"போர்டைக் கழற்றவா?"

"எதற்கு? கராஜ் வாசலில் கார் என்று எழுதியிருக்கிறது. இதில் அது ஒன்றுதான் சரி."

அடுத்த வெள்ளி வெஸ்ட் ஈலிங்கில் ஐயர் மறுபடி கணக்குப் பார்த்தார். பார்த்துவிட்டு நாக்கைக் கடித்தார். பிள்ளை பிறந்தது, ஒக்டோபர் கடைசியில் லண்டனில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னால் திருப்பி வைத்த பிறகு. அவரோ கோடைகால நேரம் என்று நினைத்து ஒரு மணித்தியாலத்தைக் கழித்துவிட்டார். "இரண்டாம் பாதம். எழுத்து 'வா'."

"வாகினி?" என்றான் கௌசிகன்.

"வாகனம் எண்டு கேக்குது" என்றாள் தாரகா. "வாணி. அர்த்தம் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதுவே காணும்."

பிள்ளையைப் பதிந்த நாளிலிருந்து முதற்பெயரை மாற்றப் பன்னிரண்டு மாதம் தவணை. ஒன்பது நாள்தான் மிச்சம். பதிவு அலுவலகத்தில் இருந்த பெண் பத்திரத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன் மாற்றுகிறீர்கள்?"

கௌசிகன் பொய் சொல்லத் தெரியாதவன். "பிள்ளை கார் இல்லை" என்றான்.

அந்தப் பெண் எழுந்து, மேசைக்கு மேலால் எட்டித் தள்ளுவண்டிக்குள் பார்த்தாள். உள்ளே பிள்ளை ஒரு காலுறையைக் கழற்றிச் சப்பிக்கொண்டிருந்தது.

"இல்லைத்தான்" என்று ஒத்துக்கொண்டு, பேனையை எடுத்தாள்.